காக்கா ஆழியை என்ன செய்வது: ஆறு வழிகளும் அவற்றின் விலையும்

எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆற்றின் அடித்தரை அவர்களுக்கு விரல்நுனிப் பழக்கம். எங்கே மணல், எங்கே களி, எந்தக் குழியில் இறால் பதுங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சில வருடங்களாக அந்த விரல்களுக்குச் சேறு தட்டுப்படுவதில்லை. ஓடு தட்டுப்படுகிறது. கையைக் கிழிக்கிற, காலைக் கிழிக்கிற ஓடு. காக்கா ஆழி என்று அந்தச் சிப்பி வகைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு முறை அங்கே போயிருந்தபோது வலைக்கார அண்ணன் ஒருவர் தரையிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கி என் கையில் வைத்தார். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். கறுப்பு ஓடு, சிலதில் பழுப்புக் கோடு. ஒன்றை இழுத்தால் நாற்பது சேர்ந்து வருகிறது. ஒன்றை ஒன்று நாரால் கட்டிக்கொண்டு, நடுவில் கறுத்த சேற்றைப் பிசின் மாதிரி பிடித்து வைத்திருந்தன. கொத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மஞ்சள் மட்டி. அது வாய் திறக்க முடியாதபடி நார் சுற்றியிருந்தது. செத்துப்போயிருந்தது.

இதன் அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். 1986இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு மின் நிலையத்தின் நீர்க் குழாயில் கண்டார்கள். 2014இல் பிலிப்பைன்ஸ், 2016இல் சிங்கப்பூர், பிறகு கேரளத்தின் அஷ்டமுடி ஏரி. அப்புறம் எண்ணூர், கொசஸ்தலை ஆறு, பழவேற்காடு. இந்தப் பட்டியலைப் படத்தில் குறித்துப் பார்த்தால் துறைமுகங்களின் பட்டியலாகத்தான் இருக்கும்.

வரும் வழி இரண்டு. ஒன்று, கப்பலின் நிலைநீர். சரக்கு இல்லாத கப்பல் தள்ளாடாமல் இருக்க, ஒரு துறைமுகத்தில் கடல்நீரைத் தொட்டிகளில் ஏற்றிக்கொண்டு, இன்னொரு துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதை வெளியே விடும். பெரிய கப்பலில் இது பல்லாயிரம் டன். அதில் கண்ணுக்குத் தெரியாத ஆழிக் குஞ்சுகள் மிதந்து வரும். இரண்டு, கப்பலின் அடிப்பாகம். நீர் உறிஞ்சும் பொந்துகளிலும் சுக்கான் இடுக்குகளிலும் ஒட்டிக்கொண்டு, வளர்ந்த ஆழியாகவே வந்து சேரும். எந்தக் கப்பலில், எந்த நாளில் வந்தது என்று கைகாட்ட முடியாது. அதனால்தான் யார் செலவழிப்பது என்ற சண்டை முடியவே மாட்டேன் என்கிறது.

சரி, வந்துவிட்டது. இனி என்ன செய்வது? கரையோர ஊர்க்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் என்று பலர் கேட்கும் கேள்வி இது. வாரி எடுப்பதா, மருந்து போடுவதா, தின்று தீர்ப்பதா, விட்டுவிடுவதா? எல்லாவற்றுக்கும் ஆதரவாக ஆள் இருக்கிறது. எல்லாவற்றையும் உலகத்தில் யாரோ எங்கேயோ செய்து பார்த்தும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

என்னுடைய அளவுகோல்கள் இவை. முதல் இரண்டும்தான் மிக முக்கியம்.

நீர் மூடியதா, திறந்ததா? மதகு போட்டு அடைக்கக்கூடிய குளம் போன்ற இடமா, அல்லது நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும் கழிமுகமா?

எவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டது? ஒரு படகுத்துறையில் மட்டும் இருக்கிறதா, ஆறு முழுக்கப் படர்ந்துவிட்டதா?

பக்கத்தில் இருப்பவற்றுக்கு என்ன ஆகும்? ஆழியைக் கொல்வது இறாலையும் நண்டையும் கொல்லுமா?

தொடர்செலவு எவ்வளவு? முதல் வருடச் செலவை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். ஐந்தாம் வருடச் செலவை யாரும் கேட்பதில்லை.

காசு யார் கைக்குப் போகிறது? ஒப்பந்தக்காரருக்கா, வேலை இழந்த மீனவருக்கா?

தப்பாகப் போனால் திரும்ப வர முடியுமா?

## வழி 1: மருந்து போட்டு அடியோடு அழிப்பது

இது நடக்கவே நடக்காது என்று சொல்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் பதில் சொல்லும்.

1999 மார்ச் மாதக் கடைசியில் அங்கே கல்லன் பே என்ற படகுத்துறையில் நீரில் மூழ்கிப் பார்த்த ஆய்வாளர்கள், கறுங்கோட்டு ஆழி என்று சொல்லத்தக்க மைட்டிலோப்சிஸ் சல்லேயி இனத்தைக் கண்டார்கள். காக்கா ஆழி போலவே அமெரிக்கக் கண்டத்து இனம், அதே கொத்துக் கொத்தான குணம். ஆறு மாதம் முன்பு அதே இடத்தைப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. இப்போது சதுர மீட்டருக்கு இருபதாயிரத்துக்கு மேல். உடனே மூன்று படகுத்துறைகளை அடைத்தார்கள். நூற்றைம்பது டன்னுக்கு மேல் திரவக் குளோரினும் பல டன் மயில் துத்தமும் கொட்டினார்கள். வெளியே போயிருந்த படகுகளைத் தேடிப்பிடித்து அடிப்பாகத்தைச் சோதித்தார்கள். சுமார் நான்கு வாரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. செலவு ஏறக்குறைய 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்.

இது எப்படி முடிந்தது? டார்வினில் கடல் ஏற்ற இறக்கம் மிகப் பெரியது, எட்டு மீட்டர் வரை போகும். நீர் வற்றும்போது படகுகள் தரை தட்டாமல் இருக்க, படகுத்துறைகளுக்கே இரட்டை மதகுகள் கட்டி வைத்திருந்தார்கள். அந்த மதகுதான் காப்பாற்றியது. நீரைப் பூட்ட முடிந்தது. பூட்டிய நீரில் மருந்து நின்றது. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தது இன்னொரு காரணம்.

அதே இனம் நம் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் 1967இல் பதிவானது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் இருக்கிறது. டார்வினில் அதைக் கண்டதும் ஏன் அப்படி ஓடினார்கள் என்றால், விசாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறைந்திருக்கும் விலை: பூட்டிய நீரில் இருந்த மீன், நண்டு, சிப்பி எல்லாமே சேர்ந்து செத்தன. படகுத்துறையில் அதைத் தாங்கிக்கொள்ளலாம். இறாலை நம்பி ஊர்கள் வாழ்கிற ஆற்றில் முடியாது. எண்ணூரில் குளோரின் ஊற்றினால் அடுத்த வற்றத்தில் அது கடலுக்குப் போய்விடும். ஆழி பெரும்பாலும் ஓட்டை மூடிக்கொண்டு காத்திருக்கும், இறால் குஞ்சுக்கு மூட ஓடு இல்லை.

எப்போது இது சரி: மதகு உள்ள படகுத்துறை, உலர் கப்பல்துறை, இறால் பண்ணைக் குளம், மின் நிலையக் குளிர்நீர்க் கால்வாயின் உட்பகுதி. அதுவும் கண்டுபிடித்த சில மாதங்களுக்குள்.

## வழி 2: இயந்திரம் வைத்து வாருவது

அரசு அலுவலகங்களுக்குப் பிடித்த வழி இதுதான். அளக்கலாம், மதிப்பீடு போடலாம், ஒப்பந்தம் விடலாம். எண்ணூர்ப் பகுதியில் இதை அகற்ற 160 கோடி ரூபாய் ஆகும் என்று நீர்வளத் துறை கணக்குச் சொல்லி, அது பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு முழுக்கப் படர்ந்த ஒன்றைக் கையால் எடுத்து முடிக்க முடியாது. முகத்துவாரம் தூர்ந்துபோய் கடல்நீர் ஏற வழியில்லாமல் இருக்கும் இடத்தில் வாருவதால் நீரோட்டமும் சீராகும். ஒரே வேலையில் இரண்டு பலன்.

ஆனால் எண்ணூர்ச் சேறு வெறும் சேறு அல்ல. பல பத்தாண்டுகளாக அனல் மின் நிலையச் சாம்பல் கலந்து படிந்த சேறு. கன உலோகங்கள் அதில் உறங்குகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகம் முழுக்கப் பரவிய எண்ணெயும் அதன் மேல் சேர்ந்தது. இயந்திரம் அதைக் கிளறினால் எல்லாம் மறுபடி நீரில் கலக்கும். வாரி எடுத்த ஆழியும் சேறும் சேர்ந்த குவியலை எங்கே கொட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. கரையில் கொட்டினால் அழுகி நாறும், மழைக்கு வழிந்து திரும்ப ஆற்றுக்கே வரும். சதுப்புக் காட்டு ஓரத்தில் கொட்டினால் அலையாத்திச் செடிகள் மூச்சு முட்டிச் சாகும்.

அப்புறம் எல்லாவற்றையும்விட எளிய சிக்கல் ஒன்று. வாரிய தரை வெறும் தரை. அடுத்த இனப்பெருக்கக் காலத்தில் நீரில் மிதக்கும் குஞ்சுகளுக்கு அது காலி வீடு. மேலே ஆற்றில் ஒரு மூலையில், பாலத்தூணில், படகின் அடியில் கொஞ்சம் ஆழி மிச்சமிருந்தால் போதும். தொடர்செலவு என்ற அளவுகோலில் இந்த வழி தோற்பது இங்கேதான். ஒரு தடவைக்கான பணம்தான் ஒதுக்கப்படும். ஆழி வருடா வருடம் முட்டையிடும்.

எப்போது இது சரி: நீரோட்டத்துக்காக எப்படியும் தூர்வார வேண்டிய முகத்துவாரத்தில். சேற்றைச் சோதித்து, கொட்டும் இடத்தை முன்பே முடிவு செய்து, வாரிய இடத்தைத் தொடர்ந்து காவல் காக்க ஆள் வைத்த பிறகு.

## வழி 3: கையால், இடம் பார்த்து அகற்றுவது

இதைப் பற்றி முதலில் கசப்பான கதையைச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ஸ்டின்சன் பீச் என்ற ஊருக்குப் பக்கத்தில் சீட்ரிஃப்ட் என்றொரு சிறு காயல். ஐரோப்பியப் பச்சை நண்டு அங்கே பெருகிக் கிடந்தது. சுமார் ஒன்றேகால் லட்சம் நண்டுகள். 2009இல் ஆய்வாளர்களும் ஊர்மக்களும் பொறி வைத்துப் பிடிக்க ஆரம்பித்தார்கள். நாலு வருடம் விடாமல் பிடித்து 2013இல் பத்தாயிரத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. 2014இல் எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று லட்சம்.

காரணம் இதுதான்: பெரிய நண்டுகள்தான் குட்டி நண்டுகளைத் தின்று கட்டுப்பாட்டில் வைத்திருந்தன. பெரியவற்றைப் பிடித்துப் போட்டதும் குட்டிகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. அதற்குப் பிறகு அவர்கள் குறிக்கோளையே மாற்றிக்கொண்டார்கள். முழுதாக ஒழிப்பது இல்லை. மற்ற உயிர்கள் தாங்கக்கூடிய எண்ணிக்கைக்குக் கீழே வைத்திருப்பது.

ஆழி தன் குஞ்சைத் தேடித் தின்னும் வகை இல்லை, அதனால் அதே விபத்து எண்ணூரில் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மாறிய குறிக்கோளைத்தான். ஆறு முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தால் தோல்வி நிச்சயம். இறால் பிடிபடும் இடங்களை மட்டும் சுத்தமாக வைத்திருப்போம் என்று ஆரம்பித்தால் செய்து முடிக்கலாம்.

எந்த இடங்கள் என்று யாரிடம் கேட்பது? பழவேற்காட்டுப் பக்கத்து ஊர்களில் பாடு முறை இருக்கிறது. எந்த நாளில், எந்தக் குடும்பம், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. எந்த இடம் இறாலுக்கு நல்லது, எந்த இடம் சுமார் என்ற தகவல் முழுக்க அதில் இருக்கிறது. ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து வரைபடம் போட வேண்டிய அவசியமே இல்லை. பாடுகளை வரிசைப்படுத்தி, நீர் வற்றும் நாட்களில், வேலை இழந்த மீனவர்களுக்கும் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் நாள்கூலி கொடுத்து எடுக்கச் சொல்லலாம். உள்ளூர் மட்டி எது, காக்கா ஆழி எது, ஆளி என்னும் கடற்சிப்பியின் குஞ்சு எது என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது.

மறைந்திருக்கும் விலை: வெறுங்கையால் இதை எடுக்க முடியாது. ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும், அழுக்கு நீரில் அந்தக் காயம் புரையோடும். தடித்த கையுறையும் கால் உறையும் கூலியோடு சேர்ந்த செலவு. அதைச் சேர்க்காத திட்டம் கூலிக்காரர் உடம்பிலிருந்து அந்தச் செலவை எடுத்துக்கொள்கிறது. எடுத்த ஆழியை நீரிலேயே விட்டுவிட்டால் அழுகி உயிர்வளியை உறிஞ்சும், ஆகவே கரையேற்றிக் காய வைக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எத்தனை வருடம் என்றால், நிறுத்தும் நாள் என்று ஒன்று இல்லை. இதைச் சொல்லாமல் ஊரில் வாக்குறுதி கொடுக்கக் கூடாது.

எப்போது இது சரி: திறந்த கழிமுகத்தில், படர்ந்துவிட்ட பிறகு, குறிப்பிட்ட சில இடங்களாவது பிழைக்க வேண்டும் என்னும்போது.

## வழி 4: பிடித்து விற்பது

"தின்று தீர்த்துவிடலாமே" என்று கேட்காதவர்கள் இல்லை. இது வெறும் பேச்சும் இல்லை.

கருங்கடலுக்கு 1940களில் ஆசியக் கடலிலிருந்து ராப்பானா என்ற பெரிய சங்கு வந்து சேர்ந்தது. 1947இல் நோவோரோசிஸ்க் துறைமுகத்தில் முதலில் கண்டார்கள். அங்கிருந்த ஆளிப் படுகைகளைத் தின்று அழித்தது. 1980களில் துருக்கி மீனவர்கள் அதைப் பிடித்து ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தார்கள், பல்கேரியாவும் சேர்ந்துகொண்டது. நல்ல வருமானம். ஆனால் பிடித்த விதம் என்ன தெரியுமா? கடல் தரையை இரும்புச் சட்டத்தால் சீவிக்கொண்டே போவது. சங்கு தின்னாமல் விட்ட படுகைகளைச் சட்டம் சீவியது. அதோடு, சங்கு இல்லாமல் போனால் வேலையும் போய்விடும். ஒழிய வேண்டும் என்று நினைத்த உயிரை இருக்க வேண்டும் என்று விரும்பும் ஆட்கள் உருவாகிவிட்டார்கள்.

துனிசியாவில் காபெஸ் வளைகுடா மீனவர்கள் 2014 வாக்கில் வலையைக் கிழித்து மீனைத் தின்ற நீல நண்டுக்கு ஒரு பயங்கரவாத அமைப்பின் பெயரையே வைத்தார்கள். சூயஸ் கால்வாய் திறந்துவிட்ட வழியில் செங்கடல் பக்கமிருந்து வந்த நண்டு அது. சில வருடத்தில் அதற்கென்று பொறி, பதப்படுத்தும் ஆலை, வெளிநாட்டுச் சந்தை எல்லாம் வந்தன. மீனவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது என்பது உண்மை. இத்தாலியில் போ ஆற்று முகத்துவாரத்தில் வேறொரு நீல நண்டு, அமெரிக்க அட்லாண்டிக் கரையிலிருந்து வந்தது, மட்டிப் பண்ணைகளைத் தின்று தீர்த்தபோது 2023இல் அரசு 29 லட்சம் யூரோ ஒதுக்கியது, மக்களையும் வாங்கித் தின்னச் சொன்னது. தின்று தீரவில்லை. (அங்கே அழிந்த மட்டியும் 1980களில் வளர்ப்புக்காகக் கொண்டுபோன ஆசிய இனம்தான். முதல் மாற்றத்துக்குப் பழகிய ஊர்களை இரண்டாவது மாற்றம் அடித்தது.)

நமக்கும் இதில் சொந்த அனுபவம் இருக்கிறது. மண்டபம் பக்கத்தில் வருமானத்துக்காக வளர்த்த கப்பாஃபைகஸ் கடற்பாசி 2008இல் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கப்பல் கொண்டுவந்ததல்ல, நாமே கொண்டுவந்தது. இன்றைக்கும் அந்தப் பாசியைப் பற்றிப் பேசினால், அதை நம்பியிருக்கும் குடும்பங்களின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஒரு தடவை வருமானமாகிவிட்டால் அப்படித்தான்.

எண்ணூருக்கு வருவோம். இங்கே இந்த வழிக்கு நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்வேன், உணவாக என்றால். ஆழி தன்னைச் சுற்றியுள்ள நீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. நீரில் இருக்கும் காரீயமும் காட்மியமும் எண்ணெயும் அதன் சதையில் சேரும். நகர்ந்துபோகும் மீனாவது இடம் மாறும். இது ஒரே இடத்தில் உட்கார்ந்து சேர்த்துக்கொண்டே இருக்கும். கோழிக்குத் தீவனமாகக் கொடுத்தாலும் வாத்துக்குப் போட்டாலும் அந்த உலோகம் சுற்றிக்கொண்டு நம் தட்டுக்கே வரும். ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கலாமா என்று கேட்கிறார்கள். வாரிய ஆழியை ஒழித்துக்கட்ட அது ஒரு வழியாக இருக்கலாம், சோதனைக்குப் பிறகு. அதை நம்பிச் சூளை போட்டு, சூளைக்காக ஆழியைத் தேடும் நிலைக்குப் போகக் கூடாது.

எப்போது இது சரி: சுத்தமான நீர், நல்ல சதை, தரையைக் கெடுக்காமல் பிடிக்கும் முறை, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில். விற்கும் உரிமத்திலேயே வேறு இடத்தில் வளர்க்கத் தடை என்று எழுதிவைத்து.

## வழி 5: எதிரியைக் கொண்டுவந்து விடுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

வென்ற கதைகள் உண்டு. கேரளத்தின் குட்டநாட்டு வாய்க்கால்களை மூடிய ஆப்பிரிக்கப் பாயல் என்ற மிதவைச் செடியை, 1980களில் விட்ட ஒரு சின்னஞ்சிறு வண்டு தின்று அடக்கியது. அந்த வண்டு அந்தச் செடியைத் தவிர வேறு எதையும் தொடாது என்று முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். கருங்கடலில் 1980களில் நிலைநீர் வழியே வந்த சீப்பு ஜெல்லி, மீன் முட்டைகளையும் அவற்றின் தீனியையும் தின்று நெத்திலிப் பிடிப்பையே சரித்தது. 1997இல் அந்த ஜெல்லியை மட்டும் தின்னும் இன்னொரு ஜெல்லி வந்து சேர்ந்தது. யாரும் திட்டமிட்டு விடவில்லை. அதுவும் கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். கடல் ஓரளவு மீண்டது.

இரண்டிலும் பொதுவாக இருப்பது, ஒன்றை மட்டும் தின்னும் எதிரி. காக்கா ஆழியை மட்டும் தின்று, பச்சை ஆழியையும் ஆளியையும் மட்டியையும் விட்டுவிடும் உயிர் எதையும் இதுவரை யாரும் காட்டவில்லை. 1935இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஆஸ்திரேலியாவில் விட்ட தேரை, வண்டைத் தவிர மற்றதையெல்லாம் தின்றது. இன்றுவரை பரவிக்கொண்டிருக்கிறது. திரும்ப வர முடியாத வழி இது. எண்ணூருக்கு இப்போது வேண்டவே வேண்டாம்.

## வழி 6: வாசலை அடைப்பது

இது உள்ளே வந்ததை ஒன்றும் செய்யாது. அதனாலேயே ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னால் கோபம் வரும்: "வந்ததுக்கு வழி சொல்லுங்க சார், வரப்போறதைப் பத்திப் பேசறீங்க." நியாயமான கோபம்தான். ஆனாலும் இதைத் தனி வழியாக வைக்கக் காரணம் இருக்கிறது.

வட அமெரிக்காவின் பேரேரிகளில் 1988இல் வரிக்குதிரை ஆழி என்று பெயர் பெற்ற சிற்றாழியைக் கண்டார்கள். நிலைநீரில் வந்தது. குடிநீர்க் குழாய்களை அடைத்து, ஏரியின் உணவுச் சங்கிலியையே மாற்றியது. இன்றும் இருக்கிறது. ஆனால் 2006, 2008 ஆண்டுகளில் கனடாவும் அமெரிக்காவும், ஏரிக்குள் நுழையும் எல்லாக் கப்பல்களும் காலித் தொட்டிகளையும்கூட நடுக்கடல் உப்புநீரால் அலச வேண்டும் என்று கட்டாயமாக்கின. அதற்குப் பிறகு புதிதாக வந்து குடியேறும் இனங்களின் வேகம் சுமார் 85 சதவீதம் குறைந்தது. தொட்டியைக் கடல்நீரால் கழுவுவது என்ற எளிய வேலைக்கு இத்தனை பலன்.

உலக அளவில் நிலைநீர் ஒப்பந்தம் 2004இல் உருவாகி, 2017 செப்டம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வெளியே விடும் ஒரு கன மீட்டர் நீரில், 50 மைக்ரானும் (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள உயிர்கள் பத்துக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். வடிகட்டி, அதன் பின் புற ஊதா ஒளி அல்லது குளோரின் என்று கப்பலிலேயே கருவி பொருத்துகிறார்கள். ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பல்களுக்கு 2024 செப்டம்பர் 8 கடைசி நாள். இந்திய அமைச்சரவை இதில் சேர 2015இலேயே ஒப்புதல் தந்தது. அதற்கேற்ற சட்டம் போடும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. எண்ணூரில் ஆழி படர்ந்தது அந்த இடைவெளியில்தான்.

மறைந்திருக்கும் விலை: கருவி இருந்தால் மட்டும் போதாது. கலங்கல் நீரில் புற ஊதா ஒளி ஊடுருவாது. ஆற்று முகத்துவாரத் துறைமுகங்களில் இது அன்றாடத் தொல்லை. கப்பலில் ஏறி நீரை எடுத்துச் சோதிக்கத் துறைமுகத்தில் ஆள் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும். அப்புறம் கப்பலின் அடிப்பாகம் இந்த ஒப்பந்தத்துக்குள் வராது. நியூசிலாந்து 2018 மே மாதத்திலிருந்து அதற்கும் விதி போட்டிருக்கிறது: அடிப்பாகம் சுத்தமாக இருக்கிறது என்று காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். நாமும் அதைச் செய்யலாம். மீன்பிடிப் படகுகள், தூர்வாரும் கப்பல்கள், மிதவைகள் இவற்றையும் விட்டுவிடக் கூடாது. எண்ணூரிலிருந்து இன்னொரு கழிமுகத்துக்கு இதைக் கொண்டுபோகப் போவது வெளிநாட்டுக் கப்பலாகவே இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | திறந்த கழிமுகத்தில் பலிக்குமா | மற்ற உயிர்களுக்கு | தொடர்செலவு | திரும்ப வர முடியுமா |
|---|---|---|---|---|
| மருந்து | இல்லை. மூடிய நீரில் மட்டும் | எல்லாம் சாகும் | குறைவு, வென்றால் | மூடிய நீர் மெல்ல மீளும் |
| இயந்திரம் | ஓரளவு, சில மாதம் | தரை கெடும், சேறு கிளறும் | அதிகம், யாரும் ஒதுக்குவதில்லை | கடினம் |
| கையால் | தேர்ந்த இடங்களில் பலிக்கும் | மிகக் குறைந்த பாதிப்பு | ஓயாது, ஆனால் உள்ளூர்க் கூலி | எப்போதும் முடியும் |
| விற்பனை | எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஒழிக்காது | பிடிக்கும் முறையைப் பொறுத்தது | வருமானம் வரும் | வருமானமான பிறகு கடினம் |
| எதிரி | ஏற்ற உயிர் இல்லை | பெரிய ஆபத்து | இல்லை | முடியவே முடியாது |
| வாசல் | வந்ததைத் தொடாது, வருவதைத் தடுக்கும் | நன்மை மட்டும் | கப்பலும் துறைமுகமும் தாங்கும் | கேள்வியே இல்லை |

## என் முடிவு

எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடும் ஒரே இடம் மாதிரி பேசப்படுகின்றன. இரண்டுக்கும் ஒரே வழி சரிவராது.

எண்ணூரில் ஆழி படர்ந்துவிட்டது. அங்கே முழுதாக ஒழிப்போம் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். பாடுகளைத் தேர்ந்து கையால் அகற்றுவது, அதற்கு வருடாந்திரக் கூலி நிதி, துறைமுகப் பக்கத்திலிருந்து அந்த நிதி, முகத்துவாரத்தில் மட்டும் அளவாகத் தூர்வாருதல். ஒரே தவணையில் கோடிக்கணக்கில் வாங்கி இயந்திரத்துக்குக் கொடுப்பதைவிட, அதில் ஒரு பங்கைப் பத்து வருடத்துக்குப் பிரித்து மீனவர் கைக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. வேலை போனவர்களும் அவர்கள்தான், அந்தத் தரையை அறிந்தவர்களும் அவர்கள்தான்.

பழவேற்காட்டு ஏரி மிகப் பெரியது. அதில் ஆழி இன்னும் எட்டாத மூலைகளும், இப்போதுதான் தொட்ட மூலைகளும் இருக்கும். அங்கேதான் அவசரம். டார்வினில் ஆறு மாத இடைவெளிக்குள் சதுர மீட்டருக்கு இருபதாயிரம் ஆனதை நினைத்துப் பாருங்கள். புதிதாகத் தொட்ட இடத்தில் பத்துப் பேர் இரண்டு நாளில் எடுத்துவிடக்கூடிய அளவு, அடுத்த வருடம் நூறு பேருக்கும் அடங்காது.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். தேங்காய் நார்க் கயிற்றில் இரண்டு உடைந்த கூரை ஓட்டுச் சில்லுகளைக் கட்டி, படகுத் துறையில் நீருக்குள் தொங்கவிட வேண்டும். ஆழிக் குஞ்சு ஒட்டிக்கொள்ள இடம் தேடும்போது அதில்தான் முதலில் ஒட்டும். ஒவ்வொரு அமாவாசையன்றும் தூக்கிப் பார்த்து, நார் விட்டு ஒட்டிய கறுப்புப் பொட்டு ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும். இருந்தால் தேதியும் இடமும் எழுதி, சில்லைக் கரையில் வெயிலில் போட்டுவிட்டு, அன்றைக்கே சுற்றியுள்ள கம்பங்களையும் படகு அடிகளையும் பார்க்க வேண்டும். ஊருக்கு நான்கு கயிறு போதும். ஏரியின் வடக்குப் பக்கம் ஆந்திரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்களுக்கும் இதே கயிறு போக வேண்டும்.